கல்வெட்டிலிருந்தா, பதிவேட்டிலிருந்தா: எங்கள் சுகாதார நிலையத்தின் வரலாறு எங்கே தொடங்குகிறது?

உப்புவெளி வாசகர் (தொடக்கப் பதிவு)

எங்கள் பகுதியில் இருக்கும் தாய் சேய் நல நிலையத்தின் வரலாற்றைச் சிறு நூலாகக் கொண்டுவர வேண்டுமென்று சனசமூக நிலையக் கூட்டத்தில் முடிவாகி, எழுதும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. திருகோணமலையில் நிலாவெளி வீதிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட குடியிருப்பு எங்களுடையது. நிலையம் என்பது இரண்டு அறைகளும் ஒரு நீண்ட விறாந்தையும்தான். வாசற்சுவரில் திறப்பு விழாக் கல்வெட்டு பதிக்கப்பட்டிருக்கிறது. அதிலுள்ள ஆண்டை முதல் வரியாக வைத்துத்தான் எழுதத் தொடங்கினேன். மூன்று பக்கங்களுக்கு மேல் நகரவில்லை.

என் தாயாரிடம் படித்துக் காட்டியபோது அவர் வியப்புடன் கேட்டார்: "உன்னை நிறை பார்த்த இடம் இதில் எங்கே?" அந்தக் கட்டடம் எழுவதற்குப் பல ஆண்டுகள் முன்னரே அவர் கிளினிக்குக்குப் போயிருக்கிறார். சனசமூக நிலையத்தின் வாசிப்பு மேசையைச் சுவரோடு ஒதுக்கிவிட்டு, கூரை வளையில் தராசைக் கட்டித் தொங்கவிட்டு, மாதம் ஒரு நாள் பிள்ளைகளை நிறுப்பார்களாம். கர்ப்பிணிகளைப் பரிசோதிப்பதற்குப் புத்தக அலுமாரியையும் ஒரு சேலையையும் மறைப்பாக வைத்துக்கொள்வார்களாம். அந்தச் சேலை யாருடையது என்பதுகூட அவருக்கு நினைவிருக்கிறது. என் கையெழுத்துப் பிரதியிலோ அந்த ஆண்டுகளே இல்லை.

ஆகவே அனுபவமுள்ளவர்களிடம் கேட்கிறேன். கட்டடத்துக்கு முன் நடந்தவற்றை முன்னுரையாக ஒரு பக்கத்தில் முடித்துவிடலாமா, அல்லது வரலாறே அங்கிருந்துதான் தொடங்க வேண்டுமா?

பாலையூற்று ஆசிரியை

தம்பி, உங்கள் தாயார் கேட்டது சரியான கேள்வி. அதற்கு விடை காண இன்னும் பின்னால் போக வேண்டும் என்பது என் கருத்து.

இலங்கையில் குடிசார் மருத்துவத் திணைக்களம் 1858ஆம் ஆண்டு உருவானது. அது நடத்திய ஆஸ்பத்திரிகளும் மருந்தகங்களும் நோயாளி வந்து சேரும்வரை காத்திருக்கும் இயல்புடையவை. திருகோணமலையைப் போன்ற துறைமுகப் பட்டினத்தில் பிரித்தானியக் கடற்படைக்கென்று தனி மருத்துவமனையும் இருந்தது. ஆனால் திருக்கடலூரில் வலை இழுத்தவரின் மனைவிக்குப் பேறுகாலம் வந்தால் அவளுக்குத் துணை அயல்வீட்டு மருத்துவிச்சியே.

இந்த நிலையை மாற்றிய முயற்சி 1926ஆம் ஆண்டு களுத்துறையில் தொடங்கியது. ரொக்பெல்லர் நிறுவனத்தின் உதவியுடன் அங்கே நாட்டின் முதலாவது சுகாதாரப் பிரிவு நிறுவப்பட்டது. குறித்த எல்லையுள்ள ஒரு நிலப்பரப்பையும் அதற்குள் வாழும் மக்கள் அனைவரையும், நோயுற்றவர், நலமாயிருப்பவர் என்ற வேறுபாடின்றி, ஒரு சுகாதார வைத்திய அதிகாரியின் பொறுப்பில் ஒப்படைத்து, அவருக்குக் கீழே பொதுச் சுகாதாரப் பரிசோதகரையும் தாதியையும் மருத்துவிச்சியையும் வீடு வீடாக அனுப்பியதுதான் அதிலிருந்த புதுமை. இன்று நாம் எம்.ஓ.எச். பணிமனை என்று சுருக்கமாகச் சொல்லும் அமைப்பின் வேர் அது. 'பட்டினமும் சூழலும்' என்ற பெயருள்ள எங்கள் பிரதேசம் ஒரே பிரதேச செயலகத்தின் கீழ் இருந்தாலும், சுகாதாரத்துக்காகத் திருகோணமலை, உப்புவெளி என இரண்டு பிரிவுகளாக இருப்பதும் இந்த எல்லைக் கணக்கின் வழி வந்ததே.

அடுத்து 1931இல் கிடைத்த சர்வசன வாக்குரிமையைக் குறிப்பிட வேண்டும். வாக்களிக்கும் உரிமை தாய்மாருக்கும் கிடைத்த பிறகு, தங்கள் தொகுதிக்கு மருந்தகமும் மகப்பேற்று விடுதியும் வேண்டுமென்று கேட்பது அரசியல்வாதிகளின் வழக்கமான வேலையாகிவிட்டது. 1951இல் அரச வைத்தியசாலைகளில் கட்டணம் நீக்கப்பட்டது. 1940களின் நடுப்பகுதியில் ஓர் இலட்சம் பிறப்புகளுக்கு 1,500க்கும் மேற்பட்ட தாய்மாரைப் பறிகொடுத்த நாட்டில், அண்மைய ஆண்டுகளில் அந்த எண் 40க்கும் கீழே நிற்கிறது. சேலை மறைப்புக்குப் பின்னால் உங்கள் தாயாரின் வயிற்றைத் தொட்டுப் பார்த்த கைக்கும் இந்த இறக்கத்தில் பங்கு உண்டு. அதை ஒரு பக்க முன்னுரைக்குள் அடைப்பது நியாயமன்று.

தம்பலகாமத்து விவசாயி

ஆசிரியை அம்மா தாய் சேய் நலத்தின் பக்கம் நின்று எழுதியிருக்கிறார். எங்கள் மாவட்டத்தின் வரலாற்றில் மலேரியாவை விட்டுவிட்டுச் சுகாதாரத்தைப் பற்றிப் பேச முடியாது என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

1934–35ஆம் ஆண்டுக் கொள்ளைநோயில் நாடெங்கும் ஏறத்தாழ 80,000 பேர் இறந்தார்கள். மழை பொய்த்து ஆறுகள் குட்டைகளாகத் தேங்கிய தென்மேற்குப் பகுதியிலேயே சாவு மிகுதி. எங்களைப் போன்ற வரண்ட வலயத்துக் குளக்கரை மக்களுக்கோ காய்ச்சல் ஆண்டுதோறும் வரும் பருவம் போலிருந்தது. வெட்டு முடிந்து மாரி தொடங்கினால் யார் வீட்டில் யார் நடுங்கிக்கொண்டு படுத்திருக்கிறார்கள் என்பதே பேச்சாக இருந்ததென்று என் பாட்டனார் சொல்லுவார்.

1940களின் பிற்பாதியில் நுளம்பைக் கொல்லும் டி.டி.டி. தெளிப்பு வந்தது. அந்த நாள்களை நான் காணவில்லை. 1970களில் அதற்குப் பதிலாக வந்த மாலத்தியோனின் நாற்றத்தை மட்டும் என்னால் மறக்க முடியாது. தெளிப்பவர்கள் வருகிறார்கள் என்று தெரிந்ததும் பெட்டி, பாய், நெல்மூட்டை எல்லாவற்றையும் முற்றத்துக்கு இழுத்துப்போட்டு, குடிநீர்ப் பானையை இறுக மூடிவைத்துவிட்டு மரத்தடியில் உட்கார்ந்திருப்போம். காய்ச்சல் என்று யாராவது சொன்னால் விரலில் குத்திக் கண்ணாடித் துண்டில் ஒரு சொட்டு இரத்தம் எடுத்துச் செல்வார்கள்.

நூலில் இந்த இரண்டு எண்களையும் அருகருகே அச்சிடுங்கள். 1963இல் நாடு முழுவதும் பதிவான மலேரியா நோயாளர் 17 பேர். நோய் ஒழிந்துவிட்டதென்று கருதித் தெளிப்பையும் கண்காணிப்பையும் தளர்த்திய பின்னர், 1968–69இல் வந்த பெருக்கத்தில் நோயாளர் தொகை ஐந்து இலட்சத்தைத் தொட்டது. நோய் ஒழிந்ததென்ற சான்றிதழுக்கு முன் உள்நாட்டில் தொற்றிய கடைசி நோயாளர் 2012இல்தான் பதிவானார். 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடென்று சான்றளித்தது. அந்தப் போராட்டத்தின் பெரும்பகுதியை நடத்தியவர்கள் கண்ணாடித் துண்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வரம்பில் நடந்து வந்த ஊழியர்கள். எந்தத் திறப்பு விழாக் கல்வெட்டிலும் அவர்களுடைய பெயர் இல்லை.

உப்புவெளி வாசகர்

நன்றி. இருவர் சொன்னதையும் குறித்துக்கொண்டேன். ஆனால் நாட்டின் வரலாறு விரிய விரிய எங்கள் குடியிருப்பு அதற்குள் காணாமல் போய்விடுமோ என்ற கவலையும் வருகிறது. சனசமூக நிலையத்தில் கிளினிக் நடந்த காலத்துக்கு எழுத்துச் சான்று ஏதாவது மிஞ்சியிருக்குமா? பணியில் இருந்தவர்கள் எவரேனும் சொன்னால் பேருதவியாக இருக்கும்.

ஓய்வுபெற்ற குடும்ப நல உத்தியோகத்தர்

தம்பி, மிஞ்சியிருக்கிறது. கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் பதவியின் பெயர் குடும்ப நல உத்தியோகத்தர். மக்கள் எங்களை மிட்வைஃப் என்றும் வயதானவர்கள் மருத்துவிச்சி அம்மா என்றும் அழைப்பார்கள்; இரண்டையும் நான் பெருமையாகவே ஏற்றுக்கொண்டேன். ஒருவருக்குச் சுமார் 3,000 மக்கள் என்பது விதி. நடைமுறையில் பக்கத்துப் பிரிவு வெற்றிடமாக இருந்தால் அதையும் சேர்த்துப் பார்க்க வேண்டியிருக்கும். அப்படி நான் இரண்டு பிரிவுகளைப் பல ஆண்டுகள் சுமந்தேன்.

கிளினிக் நாளை மட்டும் வைத்து எங்கள் வேலையை அளக்கக் கூடாது. மாதத்தில் கிளினிக்குக்கென்று ஒதுக்கப்பட்ட நாள்கள் சில. மற்ற நாள்களெல்லாம் படலை திறந்து படலை மூடும் வேலை. திருமணமாகி ஓர் இளம் தம்பதி ஊருக்குள் குடிவந்தால் அவர்களுடைய பெயர் தகுதியுள்ள தம்பதியர் பதிவேட்டில் ஏற வேண்டும். அந்தப் பெண் கருவுற்றதும் எச் 512 என்ற கர்ப்பகாலப் பதிவை எழுதி, ஒரு பிரதியைத் தாயிடம் கொடுத்து மற்றதை நாங்கள் வைத்திருப்போம். பிள்ளை பிறந்து வீடு வந்த முதல் பத்து நாள்களுக்குள் போய்ப் பார்க்க வேண்டும்: தாய்க்குக் காய்ச்சல் இருக்கிறதா, இரத்தப்போக்கு எப்படி, கொப்பூழ் காய்ந்ததா, பால் குடிக்கிறதா. இவற்றைக் கேட்பதற்கு முன் குடத்தில் தண்ணீர் இருக்கிறதா, சமைத்துக் கொடுக்க ஆள் இருக்கிறதா என்று நான் கண்ணால் பார்த்துக்கொள்வேன். பல வீடுகளில் காய்ச்சலின் காரணம் அங்கேதான் இருக்கும்.

நான் பணிக்கு வந்த தொடக்கத்தில் வீட்டுப் பிரசவங்களும் இருந்தன. இரவில் கதவைத் தட்டி, துவிச்சக்கரவண்டியின் பின்னால் ஏற்றிக்கொண்டு போவார்கள். கத்தரிக்கோலும் நூலும் கொதிக்கும்வரை அடுப்படியில் காத்திருந்த அந்த நேரங்கள் நீண்டவை. எங்களுக்கு முன்பு பிரசவம் பார்த்த முதியவர்களைக் குறைத்துப் பேசுவது எனக்கு உடன்பாடில்லை. ஒருவர் தன்னிடம் வந்த முதற்பேறுக்காரியை என்னிடம் கூட்டிவந்து, "பிள்ளை குறுக்கே கிடக்குது, ஆஸ்பத்திரிக்கு அனுப்பு" என்றார். கையால் தடவியே அறிந்திருந்தார். அன்று அனுப்பியிருக்காவிட்டால் இரண்டு உயிர்கள் போயிருக்கும்.

சனசமூக நிலையத்தில் கூரை வளையில் தராசு தொங்கியது உண்மை. நிறை குறைந்த பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் திரிபோஷா கொடுத்தோம். நாட்டில் அந்தத் திட்டம் 1973இல் தொடங்கியது. சோளம், சோயா, பால்மா கலந்த அந்த மாவைத் தேங்காய்ப்பூவும் சீனியும் சேர்த்து உருண்டை பிடிக்கும் விதத்தை விறாந்தையிலேயே செய்து காட்டுவோம். வீட்டில் மூத்த பிள்ளைகளும் பங்கு கேட்பார்கள் என்பது எங்களுக்குத் தெரியும்; பட்டினி இருக்கும் வீட்டில் ஒரு பிள்ளைக்கு மட்டும் கொடு என்று எப்படிச் சொல்வது? பதிவேட்டின் எந்தக் கட்டத்திலும் அதை எழுத இடமில்லை. பக்க ஓரத்தில் பென்சிலால் எழுதினேன்.

1990 ஜூனில் மீண்டும் போர் வெடித்தபோது எங்கள் பிரிவிலிருந்து பெருந்தொகையானோர் ஓடினார்கள். சிலர் காட்டுக்குள்ளும் சிலர் முகாம்களுக்கும் சிலர் வள்ளமேறி இந்தியாவுக்கும் போனார்கள். மாதங்கள் கழித்துத் திரும்பிய தாய்மார் பலர் காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ் ஆகியவற்றோடு பிள்ளையின் தடுப்பூசி அட்டையையும் சொப்பிங் பையில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார்கள். சோதனைச் சாவடிகளில் தடுப்பூசிக் குளிர்ப்பெட்டியைத் திறந்து காட்டச் சொல்வார்கள். பனிக்கட்டி உருகுமே என்று மனம் பதறும். 1995 முதல் நடந்த தேசிய போலியோ சொட்டு மருந்து நாள்களில் இரு தரப்பும் சண்டையை நிறுத்தி எங்களை நடமாட விட்டன. நாட்டின் கடைசிப் போலியோ நோயாளர் பதிவானது 1993இல். அதற்குப் பிறகு ஒருவரும் இல்லை.

அந்த ஆண்டுகளின் குறிப்புகள் அடங்கிய கொப்பி ஒன்று என்னிடம் இருக்கிறது. அலுவலகப் பதிவேடு அன்று. என் கைப்பட எழுதிய நாள் குறிப்பு. காட்டுவேன். ஆனால் ஒரு நிபந்தனை: அதிலுள்ள எந்தப் பெண்ணின் பெயரும் வீட்டிலக்கமும் அச்சில் வரக்கூடாது. அவர்கள் என்னிடம் சொன்னது என்னை நம்பி.

கிண்ணியா வாசகர்

அக்காவின் பதிவை என் உம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். பக்க ஓரக் குறிப்பைப் பற்றிய இடத்தில் நிறுத்தி மறுபடியும் வாசிக்கச் சொன்னார்.

இருந்தாலும் கட்டடத்தைக் கல்வெட்டோடு சேர்த்து ஒதுக்கிவிட வேண்டாமென்று கேட்டுக்கொள்கிறேன். 2009இல் 396 மீற்றர் நீளப் பாலம் திறக்கப்படும்வரை நாங்கள் 'பாதை' என்று அழைக்கும் மிதவையில்தான் நகரப் பக்கம் போய்வந்தோம். இரவில் பேறுநோவு கண்டவளோடு துறையில் நின்று, அக்கரையிலிருக்கும் பாதை இக்கரைக்கு வரும்வரை காத்திருந்தவர்களிடம், நடக்கக்கூடிய தூரத்தில் நான்கு சுவர்களும் ஒரு கட்டிலும் தண்ணீரும் மின்சாரமும் இருப்பதன் பெறுமதியைக் கேட்டுப் பாருங்கள். சேலை மறைப்புக்குப் பின்னால் பரிசோதனைக்கு வர மறுத்த பெண்களும் எங்கள் ஊரில் இருந்தார்கள். பூட்டக்கூடிய கதவு வந்த பிறகே அவர்கள் வந்தார்கள்.

2004 டிசம்பர் 26 காலை கடல் எழுந்தபோது எங்கள் வைத்தியசாலையே நீருக்குள் அகப்பட்டது. அதன் பிறகு முகாம்களில் குடும்ப நல உத்தியோகத்தர்கள் செய்ததை நான் நேரில் பார்த்தேன். நனைந்த பதிவேடுகளை வெயிலில் விரித்துக் காயவைத்தார்கள்; மை கரைந்துபோன பக்கங்களைத் தாய்மாரிடம் கேட்டும் தங்கள் நினைவிலிருந்தும் திரும்ப எழுதினார்கள். எந்தப் பிள்ளைக்கு எத்தனையாவது ஊசி நிலுவை என்பதை அவர்கள் மனத்தில் வைத்திருந்தார்கள். பின்னர் உதவிப் பணத்தில் கட்டடங்கள் எழும்பின. சில இடங்களில் கூரை ஓடும் தரையும் பளபளத்தன, உள்ளே உட்கார ஆள் நியமிக்கப்படவில்லை. கட்டடமும் வேண்டும், ஆளும் வேண்டும். ஒன்று இருக்கும் காலத்தில் மற்றது இல்லாமல் போனதே எங்கள் பகுதியின் கதை.

2017 மார்ச்சில் டெங்கு எங்கள் ஊரைத் தாக்கியபோதும் இதையே கண்டோம். வைத்தியசாலைக் கட்டில்கள் நிரம்பி வழிந்தன. கிணறு கிணறாகவும் தகரப் பீப்பாய் தகரப் பீப்பாயாகவும் புழுத் தேடி அலைந்தவர்கள் பொதுச் சுகாதாரப் பரிசோதகர்களும் பள்ளிவாசல் இளைஞர்களுமே.

மூதூர் மருத்துவ மாணவர்

பாடத்துக்காகப் படித்த ஒன்று இங்கே பொருந்துகிறது. 1940இல் தென்னாபிரிக்காவின் நேட்டால் மாகாணத்தில் போலேலா என்ற வறிய பகுதியில் சிட்னி கார்க், எமிலி கார்க் என்ற மருத்துவத் தம்பதி ஒரு சுகாதார நிலையம் தொடங்கினார்கள். நோயாளியைப் பார்ப்பதோடு நிற்காமல், உள்ளூர்ச் சுகாதாரப் பணியாளர்களைப் பயிற்றி வீடு வீடாகக் கணக்கெடுத்தார்கள். யார் இருக்கிறார்கள், என்ன உண்கிறார்கள், தண்ணீர் எங்கிருந்து வருகிறது, மலசலகூடம் உண்டா என்பதெல்லாம் எழுதப்பட்டன. ஊட்டக்குறைவே பெரிய நோய் என்று தெரிந்ததும் மரக்கறித் தோட்டங்களை ஊக்குவித்தார்கள். அந்த முறையில் நாடெங்கும் 400 நிலையங்கள் அமைக்க ஓர் ஆணைக்குழு 1944இல் பரிந்துரைத்தது; சுமார் 40 மட்டுமே உருவாயின. 1948இல் நிறவெறி அரசு வந்த பின்னர் அவையும் படிப்படியாக ஒடுக்கப்பட்டன; கார்க் தம்பதியும் 1950களின் இறுதியில் நாட்டை விட்டு வெளியேறினார்கள்.

அங்கே மாணவராகச் சென்று பயின்ற ஜாக் கைகர் என்ற அமெரிக்க மருத்துவர், 1965இல் பொஸ்டன் நகரின் கொலம்பியா பொயின்ற் குடியிருப்புத் தொகுதியிலும், பின்னர் மிசிசிப்பி மாநிலத்தின் மவுண்ட் பாயுவிலும் அதே முறையில் நிலையங்களை அமைத்தார். மவுண்ட் பாயுவில் பட்டினிப் பிள்ளைகளுக்கு உணவையே மருந்துச் சீட்டில் எழுதினார்கள். கடைக்காரர் அந்தச் சீட்டைப் பெற்று உணவு கொடுக்க, செலவு நிலையத்தின் மருந்தகக் கணக்கில் ஏறியது. கேள்வி வந்தபோது, ஊட்டக்குறைவுக்குப் பாடநூல் சொல்லும் மருந்து உணவுதானே என்று கைகர் பதிலளித்தார். குடும்ப நல உத்தியோகத்தர் அம்மா பக்க ஓரத்தில் பென்சிலால் எழுதியதும் இதே விடயத்தைத்தான் என்று எனக்குத் தோன்றியது.

பாலையூற்று ஆசிரியை

தம்பி நல்ல இடத்தைத் தொட்டார். போலேலாவை அரசு மாறியதும் மூட முடிந்தது. எங்கள் அமைப்பை அப்படி மூட முடியாமற் போனதற்கு ஒரு காரணம், 1926இல் ஓரிடத்தில் தொடங்கியதை அடுத்தடுத்த அரசுகள் நாடெங்கும் நிரந்தர அரச பணியாக்கியமை. 1987இன் 13ஆவது திருத்தத்தால் சுகாதாரம் பெருமளவு மாகாணங்களுக்குப் பகிரப்பட்ட பின்னரும், போரில் நிருவாகங்கள் இரண்டாகப் பிளந்து கிடந்த காலத்திலும், சம்பளமும் தடுப்பூசியும் எல்லை கடந்து போய்க்கொண்டிருந்தன. வடக்குக் கிழக்கு மாகாண சபைக் காலம் தொட்டு மாகாணச் சுகாதார நிருவாகம் இயங்கிய நகரம் எங்களுடையது. அதைப் பற்றி நூலில் இரண்டு பந்திகளாவது இருக்க வேண்டும். அதற்கு மேல் வேண்டாம். குடியிருப்பை அது விழுங்கிவிடும்.

உப்புவெளி வாசகர்

நூலின் அமைப்பை மாற்றிவிட்டேன். முதல் இயல் சனசமூக நிலையத்தின் கூரை வளையில் தொங்கிய தராசிலிருந்து தொடங்கும். களுத்துறையும் மலேரியாவும் அந்தத் தராசு எப்படி அங்கே வந்து சேர்ந்தது என்பதைச் சொல்லும் இடத்தில் வரும். கிண்ணியா அண்ணன் சொன்னபடி, பூட்டக்கூடிய கதவு வந்த நாளாகக் கட்டடத் திறப்பு தனி இயலில் வரும். கல்வெட்டின் படமும் அங்கேயே. அம்மாவின் நிபந்தனையை எழுத்தில் கையொப்பமிட்டுத் தருகிறேன். பெயர்களுக்குப் பதிலாக 'ஒரு தாய்', 'நான்காம் பேறு', 'மீனவர் குடும்பம்' என்ற அளவிலேயே குறிப்பேன். அப்படியும் அடையாளம் தெரியுமானால் அந்தப் பகுதியையே விட்டுவிடுவேன்.

முதல் வரி இப்போதைக்கு இப்படி: "மாதத்தின் இரண்டாம் வியாழக்கிழமை காலையில் பத்திரிகை படிக்க வந்தவர்கள் எழுந்து இடம் கொடுத்தார்கள், தாய்மார் பிள்ளைகளோடு உள்ளே வந்தார்கள்." தாயார் சொன்னதை வைத்து எழுதியது.

ஓய்வுபெற்ற குடும்ப நல உத்தியோகத்தர்

வரி நன்றாக இருக்கிறது, தம்பி. ஆனால் வியாழக்கிழமை அல்ல, புதன்கிழமை. வியாழனில் எனக்குப் பக்கத்துப் பிரிவில் கிளினிக் இருந்தது; கொப்பியில் தேதியோடு இருக்கிறது. பத்திரிகை படிக்க வந்தவர்கள் எல்லாரும் எழுந்து போகவும் இல்லை. இரண்டு பெரியவர்கள் வாசலிலேயே நின்று, பிள்ளைகளின் செருப்பை ஒழுங்காக அடுக்கி, வரிசை பார்த்துக்கொள்வார்கள். தராசுக் கயிற்றை ஒவ்வொரு மாதமும் இழுத்துப் பார்த்த பிறகே பிள்ளையை வைக்க விட்டவரும் அவர்களில் ஒருவர்தான். அதையும் எழுதுங்கள்.

ஞாயிறு காலை பூசை முடிந்து கொப்பியோடு வருகிறேன். உங்கள் தாயாரையும் இருக்கச் சொல்லுங்கள். அந்தச் சேலை யாருடையது என்பதில் எங்கள் இருவருக்கும் ஒரே நினைவா என்று பார்க்க வேண்டும்.